கதவுத் தடுப்பு

அந்தப் புது வீட்டில் ரூலோஃப் தன் கையால் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றுதான் வீட்டை நனைத்தது.

ஸ்நேக் ஊருக்குக் கிழக்கே, முன்பு மாடு மேய்ந்த களிமண் நிலத்தில், ஒரே மாதிரி இருபத்திரண்டு வீடுகள் கட்டியிருந்தார்கள். கட்டுகிறவன் சாவியைக் கொடுக்கும்போது உள்ளே நான்கு சுவரும் ஒரு கூரையும் வெறும் சிமெண்ட் தரையும்தான் இருக்கும். தரைக்குள் வெந்நீர்க் குழாய்கள் வளைந்து வளைந்து ஓடும். வீட்டுக்குச் சூடு அதிலிருந்துதான். தரைப்பலகை, சுவர்த்தாள், பெயிண்ட், அலமாரி எல்லாம் குடிவருகிறவன் பாடு. ஆள் வைத்துச் செய்யலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் ஆள் வைத்துச் சுவர்த்தாள் ஒட்டியவனை அங்கே ஆள் வைத்துப் பல் விளக்கியவனைப் போலப் பார்ப்பார்கள். சனிக்கிழமை காலையில் சொந்தபந்தம் கருவிப்பெட்டியோடு வந்து இறங்கும். காப்பியும் சூப்பும் கொடுத்தால் போதும்.

வேலை தெரிந்தவர்கள் நடுவில் வேலை தெரியாதவன் நிற்பதைப் போல ஒரு கஷ்டம் கிடையாது. ரூலோஃப் நகராட்சி அலுவலகத்தில் மரம் வெட்ட அனுமதிச்சீட்டு எழுதிக் கொடுப்பவன். அவனுடைய மாமனார் தௌவே நாற்பது வருஷம் மாடு வைத்திருந்தவர், தொழுவத்தைத் தானே கட்டியவர். ஏழரைக்கே வாசலில் நிற்பார். மாமியார் ஆல்ட்யே கலக்குகிற பசையில் ஒரு கட்டி இருக்காது. மனைவி சீட்ஸ்கே ஏணிமேல் நின்று கூரைக்குப் பெயிண்ட் அடித்தாள், ஒரு சொட்டுக் கீழே விழவில்லை. ரூலோஃப் காப்பி போட்டான், மரத்தூள் கூட்டினான், பென்சிலை எடு என்றால் எடுத்துக் கொடுத்தான்.

தரை முழுவதையும் போட்டது சீட்ஸ்கேயின் தம்பி வீபே. அவனைப் பற்றி அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. எது உடைந்தாலும் "வீபே தொட்டானா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். குடித்துத் திரிந்த காலத்தில் அப்பாவின் வேனை, உள்ளே ஐம்பது பெட்டித் தரை ஓடுகளோடு, வாய்க்காலில் இறக்கியவன் அவன். வேனை வெளியே எடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது, குடியை விட்டு நான்கு வருஷம் ஆகிறது. ஆனால் குடும்பத்துப் பேச்சில் அந்த வேன் இன்னும் வாய்க்காலிலேயே கிடந்தது. இப்போது தரைபோடும் தொழிலைத் தனியாகத் தொடங்கியிருந்தான். அக்கா வீட்டுத் தரையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு டூர்க்கும், தெருமுனை வீட்டுக்காரரும் தங்களுக்கும் போட்டுத் தரச் சொல்லியிருந்தார்கள். அவனை நம்பி வந்த முதல் இரண்டு வீடுகள் அவை.

கடைசிப் பலகை இறங்கிய சனிக்கிழமை வீபே முட்டிக்கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ரூலோஃபைக் கூப்பிட்டான்.

"மச்சான், இங்க வா. குனிஞ்சு பாரு. பலகைக்கு நடுவுல நகம் நுழையுதா?"

"நுழையல."

"நுழையாது. இன்னொண்ணு, காதுல நல்லா வாங்கிக்கோ. இந்தத் தரையில டிரில்லிங் மெஷின் வைக்கவே கூடாது. ஓரத்துலகூட வேண்டாம். கீழ குழாய் எப்படி ஓடுதுன்னு கடவுளுக்கும் தெரியாது, கட்டினவனுக்கும் தெரியாது."

"சமையக்கட்டுக் கதவு சுவத்துல இடிக்குது. கீழ ஒரு தடுப்பு வைக்கணும்னு சீட்ஸ்கே சொல்றாளே?"

"பசை போட்டு ஒட்டு. ஒரு நாள் காயவிட்டா காளை முட்டினாலும் அசையாது."

சுவர்த்தாளை நறுக்கிக்கொண்டிருந்த தௌவே தலையைத் தூக்காமலே சொன்னார். "அவர்கிட்ட எதுக்குடா இதைச் சொல்றே? அவர் மெஷின் வாங்கி ரெண்டு வருஷமாச்சு, இன்னும் பெட்டியை விட்டே எறங்கல."

எல்லோரும் சிரித்தார்கள். ரூலோஃபும் சிரித்தான். சிரித்த பிறகு அந்தச் சிரிப்பு வயிற்றுக்குள் போய்க் கல்லாக உட்கார்ந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை சீட்ஸ்கே ரப்பர் தடுப்பு ஒன்றும் ஒரு டியூப் பசையும் வாங்கி வந்து கொடுத்தாள். வியாழக்கிழமை ரூலோஃபுக்கு விடுமுறை. வெளியே மழை குறுக்கே அடித்தது. டூர்க் வந்து, தன் வீட்டுக் குளியலறையில் தானே பதித்த ஓடுகளைக் காட்ட அவனை இழுத்துக்கொண்டு போனார். "இது நான் போட்டது, அது நான் போட்டது. ஆமா, உங்க வீட்டுல நீ என்ன போட்டே?" என்று கேட்டார். ரூலோஃப் கொஞ்சம் யோசித்து, "காப்பி" என்றான். டூர்க் அவன் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியிலிருந்து மெஷினை எடுத்தான். தடுப்பின் நடுவில் ஒரு துளை இருந்தது. சுவரில் வைப்பவர்களுக்காக நீளமான திருகாணி ஒன்றும் கூடவே வந்திருந்தது. பசை தடவுவது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலை என்று அவனுக்குத் தோன்றியது. வீபே சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. ஒரு சின்னத் துளைதானே, இருபத்திரண்டு வீட்டுத் தரையில் இந்த ஒரு இடத்திலா குழாய் ஓடப்போகிறது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியும் இப்படித்தான் ஏதாவது நியாயம் சொல்லியிருப்பான்.

அரை விரல் ஆழம் போதும். அவன் முழு விரல் இறக்கினான். மெஷினை வெளியே எடுத்ததும் 'உஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு துளையிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் கட்டைவிரல் உயரத்துக்கு எழும்பியது. ரூலோஃப் விரலால் அமுக்கினான். மற்றக் கையால் தடுப்பை இழுத்து வைத்துத் திருகாணியைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். தண்ணீர் நின்றது. பூத்துவாலையால் தரையைத் துடைத்து, துவாலையைத் துவைத்துக் காயப் போட்டான்.

மாலையில் சீட்ஸ்கே வந்து கதவைத் திறந்து திறந்து தடுப்பில் இடித்துப் பார்த்தாள். "நேரா வெச்சிருக்கியே! அசையவே இல்ல. நல்ல பசைதான்."

"ம்" என்றான் ரூலோஃப்.

அந்த 'ம்'மைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவனுக்கு ஐந்து வாரம் இருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் எழும் முன் கூரையடி அறைக்கு ஏறுவான். பாய்லரில் அழுத்தம் காட்டும் முள் கீழே இறங்கிக் கிடக்கும். தண்ணீர்க் குழாயை மாட்டி, முள் பச்சைக்கு வரும்வரை நிரப்பிவிட்டு இறங்குவான். நேற்று நிரப்பிய தண்ணீர் எங்கே போயிற்று என்ற கேள்வியை மட்டும் அவன் கேட்டுக்கொள்வதே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள்கூடத் தினமும் காலையில் எழுந்து அதற்குச் சோறு போட்டதில்லை.

பிப்ரவரி நடுவில் சீட்ஸ்கேயின் கால்விரல் ஒரு பலகை விளிம்பில் தடுக்கியது. குனிந்து பார்த்தாள். சமையலறை வாசலிலிருந்து சன்னல்வரை பலகைகளின் இணைப்புகள் உதடு பிதுக்கியதைப் போல மேலே எழும்பியிருந்தன. அம்மாவுக்குப் போன் செய்தாள். பேச்சு ஒலிபெருக்கியில் இருந்ததால் ரூலோஃபுக்கும் கேட்டது.

"வீபே போட்ட தரைதானே?" என்றாள் ஆல்ட்யே. "சொல்லணுமா?"

சனிக்கிழமை வந்தது. சீட்ஸ்கேக்கு மருந்துக்கடையில் வேலை நாள். தரைக்குள் குழாய் கசிகிறது என்று வீட்டுச் சூட்டை நிறுத்தியிருந்ததால் உள்ளே பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. தௌவே கோட்டைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். வீபே முட்டிக்கவசத்தைக் கட்டிக்கொண்டு சன்னல் பக்கத்திலிருந்து, தான் போட்ட தரையைத் தானே பெயர்க்க ஆரம்பித்தான். ஒவ்வொரு பலகையின் முதுகிலும் பென்சிலால் எண் போட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

"சுவரோரக் கட்டைக்கு அடிச்ச ஆணி ஏதாவது கீழ எறங்கிடுச்சோ என்னவோ" என்று முனகினான். "குட்டை ஆணிதான் அடிச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"அதுக்கு முந்தின நாள் என்ன குடிச்சே, அது ஞாபகம் இருக்கா?" என்றார் தௌவே.

"காப்பிப்பா. உங்க மருமகன் போட்ட காப்பி."

ரூலோஃப் பலகைகளைத் தூக்கிச் சாய்த்துக்கொண்டிருந்தான். பத்து மணிக் காப்பி நேரத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். காப்பி வந்தது, ஆளுக்கு ஒரு பிஸ்கெட் எடுத்ததும் தௌவே வழக்கம்போல டப்பாவை மூடினார், ரூலோஃப் சொல்லவில்லை. மத்தியானம் ஆல்ட்யே பட்டாணிச் சூப்பைக் குண்டானோடு கொண்டுவந்தாள். கறுத்த ரை ரொட்டியில் பன்றிக்கொழுப்பு வைத்து எல்லோரும் நின்றபடியே சாப்பிட்டார்கள். கரண்டி நட்டால் சாயாத அளவுக்குச் சூப் கெட்டியாக இருந்தது.

"கையைக் காட்டுடா" என்றாள் ஆல்ட்யே மகனிடம்.

"எதுக்கும்மா?"

"காட்டு."

வீபே கரண்டியை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினான். அவை நடுங்குகின்றனவா என்று அவள் பார்த்தாள். குளிரில் விரல் நுனிகள் சிவந்திருந்தன, நடுக்கம் இல்லை. முப்பத்துநான்கு வயது மனிதன் அம்மா முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்த ரூலோஃப் சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான். அப்போதும் அவன் வாய் திறக்கவில்லை. ஒரு மனிதன் எவ்வளவு தூரம் கீழே போக முடியும் என்பது போகும்போது தெரிவதில்லை.

மூன்று மணிக்கு வீபே சமையலறை வாசலுக்கு வந்து சேர்ந்தான். சிமெண்ட் அங்கே கறுத்து ஈரமாக இருந்தது.

"மச்சான், அந்தத் தடுப்பைக் கத்தி விட்டுப் பேர்த்துடு. பசைதானே."

ரூலோஃப் குனிந்தான். கத்தி கையில் நிற்கவில்லை. ஆல்ட்யே தேடிய நடுக்கம் இந்தக் கையில் இருந்தது. "தள்ளு" என்று வீபே கத்தியை வாங்கி அடியில் விட்டான். தடுப்பு அசையவில்லை. மேலே இருந்த ரப்பர் மூடியை நெம்பினான். உள்ளே திருகாணித் தலை பளபளத்தது. அதை இரண்டு சுற்றுச் சுற்றியதும் தண்ணீர் எட்டிப் பார்த்தது.

தௌவே எழுந்து வந்தார். "அடப்பாவி! தரையிலயா ஓட்டை போட்டே?" கேட்டது வீபேயைத்தான். ரூலோஃப் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை.

வீபே தலையைத் தூக்கி ரூலோஃபைப் பார்த்தான். ரூலோஃப் வாயைத் திறந்தான். திறந்த வாயைத் திரும்ப மூடிக்கொண்டான்.

"ஆமாப்பா" என்றான் வீபே. "நான்தான். மறந்துட்டேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று இரண்டும் ஒரே அறையில் இரண்டடி தள்ளி நின்றன.

வீபே கருவிகளை வேனில் ஏற்றும்போது ரூலோஃப் மழையில் பின்னாலேயே போனான்.

"வீபே, ஏன் அப்படிச் சொன்னே?"

"நீ சொல்வேன்னு பார்த்தேன். மனசுக்குள்ள அஞ்சு எண்ணினேன். நீ சொல்லல."

"எனக்காகவா..."

"உனக்காக ஒண்ணும் இல்ல, மச்சான். பெரிய மனசுன்னு நெனைச்சுக்காதே." வீபே பின்கதவை அறைந்து சாத்தினான். "எங்கப்பா மூஞ்சியைப் பார்த்தியா? நான்தான்னு அவர் காலையிலயே முடிவு பண்ணிட்டாரு. இல்லன்னு நிரூபிக்கணும், அதுக்கு ஒரு மணி நேரம் கத்தணும். அலுத்துப் போச்சு. அவ்வளவுதான்."

"நான் போய்ச் சொல்றேன்."

"சொல்லேன். யாரு வேண்டாம்னது?" வேன் போய்விட்டது.

ரூலோஃப் உள்ளே போனான். அங்கே தௌவே, "நல்லவேளை, நீங்க கைவைக்கல மாப்ளே" என்றார். அவன் சொல்லவில்லை.

சீட்ஸ்கே வேலை முடிந்து வந்ததும் ரூலோஃப் அவளிடம், சமையலறை வாசலில் வீபே போட்ட ஓட்டை இருந்தது என்றான். அவள் கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நின்றாள்.

"எங்க? தடுப்புக்குக் கீழயா?"

"ம்."

"தான்தான்னு வீபேயே சொன்னானா?"

"ஆமா."

அவள் நேரே சமையலறைக்குள் போனாள். அம்மா விட்டுப்போன சூப்புக் குண்டானை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். ஏற்கனவே கழுவியிருந்த குண்டான் அது.

திங்கட்கிழமை ஆள் வந்து குழாயைச் சரிசெய்தான். செவ்வாய்க்கிழமை டூர்க் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். "உன் மச்சான்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்ப்பா. தெருமுனைக்காரரும் சொல்லிட்டார். நல்ல பையன்தான். ஆனா தரையில ஓட்டை போட்டவன்கிட்ட எப்படித் தரையைக் குடுக்கறது?" புதன்கிழமை ஆல்ட்யே போனில் அழுதாள்: அவன் மறுபடியும் குடிக்கிறான், தனக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாதா என்றாள். ரூலோஃப் அடுத்த அறையில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். குடிக்காதவனைக் குடிகாரனாக்கியது தான் என்பது அவனுக்குத் தெரிந்தது. அந்த மூன்று நாளும் கண்ணாடி பார்க்காமலே சவரம் செய்தான். தாடையில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டான்.

வியாழக்கிழமை அவனுக்குப் பிறந்தநாள். தரை இல்லை என்பதற்காகப் பிறந்தநாளைத் தள்ளிவைக்கிற வழக்கம் அங்கே இல்லை. வெறும் சிமெண்டில், இரவல் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவராகச் சுற்றி வந்து எல்லோருக்கும் கைகொடுத்து எல்லோரையும் வாழ்த்துவார்கள்: மாமியாருக்கு "மருமகன் பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்", மனைவிக்கு "புருஷன் பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்." டூர்க் வட்டத்தைச் சுற்றி வந்தார். வீபே முன்னால் ஒரு நொடி தயங்கி, அவன் கையைப் பிடித்து, முகத்தைப் பார்க்காமல், "மச்சான் பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்" என்றார்.

"நன்றி" என்றான் வீபே.

காப்பி வந்தது. ரோஜா நிறப் பாகு பூசிய கேக்கை ஆல்ட்யே ஆளுக்கு ஒரு துண்டு வைத்தாள். ஒரு துண்டுதான், இரண்டாவது கேட்பது அங்கே வழக்கமில்லை. காலடியில் சிமெண்ட் சில்லிட்டது.

"பரவால்ல," என்றார் தௌவே, "இங்க தரையில தண்ணிதான் வந்துது. எங்க வேன் வாய்க்காலுக்கே போச்சு."

வட்டம் சிரித்தது. வீபேயும் சிரித்தான். அந்தச் சிரிப்பு ரூலோஃபுக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. மெஷின் பெட்டியை விட்டு இறங்கவில்லை என்றபோது அவன் சிரித்தது அதே சிரிப்பு. ஆறு வாரமாகத் தன் வயிற்றில் கிடந்த கல்லை இவன் ஒன்பது வருஷமாகச் சுமக்கிறான் என்று நினைத்தபோது அவன் கையிலிருந்த தட்டுச் சாய்ந்து கேக் தரையில் விழுந்தது.

"அந்த ஓட்டை நான் போட்டது" என்றான்.

யாருக்கும் முதலில் புரியவில்லை.

"நான் போட்டேன். வீபே போடக் கூடாதுன்னு சொல்லியும் போட்டேன். தண்ணி வந்துது. திருகாணி வெச்சு அடைச்சேன். அஞ்சு வாரம் தினம் பாய்லர்ல தண்ணி ஊத்தினேன். அன்னிக்கு அவன் என் மூஞ்சியைப் பார்த்தான். நான் வாயை மூடிட்டு இருந்தேன். அவன் குடிக்கல, அத்தை. அவன் ஒண்ணுமே பண்ணல."

யாரும் கோப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. தௌவே எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்திலிருந்து காதுவரை அவருக்குச் சிவப்பு ஏறியது. வீபே கோப்பைக்குள் பார்த்தபடி கரண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

சீட்ஸ்கே எழுந்து சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்து, பசை டியூப்பை மேசையில் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடி உடைக்கப்படவில்லை.

"சனிக்கிழமை நீ 'ம்'னு சொன்னப்பவே போய் டிராயரைத் திறந்து பார்த்தேன்" என்றாள். "அஞ்சு நாளா நீயே சொல்வேன்னு காத்துட்டிருக்கேன். அம்மா போன்ல அழுதப்பக்கூட நான் சொல்லல. என் புருஷன் இப்படின்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துது. என் தம்பியைப் பலி குடுக்க மட்டும் வெக்கப்படல." அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "வீபே, என்னை மன்னிச்சுடு."

வீபே கோப்பையைக் காலடியில் வைத்தான். தௌவே தொண்டையைச் செருமினார். இரண்டு தடவை செருமினார். வார்த்தை வரவில்லை, அந்த மனிதருக்கு அப்படிப்பட்ட வார்த்தைகள் என்றைக்குமே வந்ததில்லை. ஆல்ட்யே கத்தியை எடுத்தாள். கேக்கில் பெரிய துண்டாக ஒன்று வெட்டினாள். வட்டத்தைக் குறுக்கே கடந்துபோய் மகனின் தட்டில், ஏற்கனவே தின்று முடித்த துண்டின் பாகுக் கறைமேல், இரண்டாவது துண்டை வைத்தாள். அந்த வீட்டில் யாருக்கும் இரண்டாவது துண்டு வைத்து ரூலோஃப் பார்த்ததில்லை.

"இந்தத் தட்டுல இன்னும் எடம் இருக்கும்மா" என்றான் வீபே. ஆல்ட்யே சிரிக்கப் போய் அழுதாள்.

டூர்க் கிளம்பும்போது மறுபடியும் வட்டத்தைச் சுற்றிக் கைகொடுத்தார். வீபேயிடம் கொஞ்சம் நின்றார். "திங்கட்கிழமை அளவெடுக்க வர முடியுமா?"

"பார்க்கறேன்" என்றான் வீபே. "நெறைய வேலை இருக்கு." அப்படி ஒரு வேலையும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். டூர்க் தலையாட்டிக்கொண்டு போனார். ரூலோஃபுக்கு அவர் கைகொடுக்கவில்லை.

சனிக்கிழமை தரை திரும்பப் போடும் நாள். வீபே வருவானா என்று ரூலோஃப் கேட்கவில்லை. கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தான். ஏழே முக்காலுக்கு அடுப்பில் காப்பி வைத்தான். எட்டுக்கு வேன் வந்து நின்றது. வீபே உள்ளே வந்தான், யாரையும் பார்க்கவில்லை. சுவரோரம் சாய்த்திருந்த பலகைகளை, முதுகில் இருந்த எண்களைப் பார்த்து, வரிசையாக அடுக்கினான். ஊறிப் போனவற்றைத் தனியே எறிந்தான்.

"காப்பி ஆச்சு" என்றான் ரூலோஃப்.

"காப்பியை அக்கா போடட்டும்."

வீபே பையிலிருந்து தன் முட்டிக்கவசத்தை எடுத்துக் கட்டிக்கொண்டான். பிறகு உள்ளே கையை விட்டு இன்னொரு ஜோடியை எடுத்தான். புதிது, கடைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ரூலோஃபின் காலடியில், சில்லிட்ட சிமெண்டில் எறிந்தான்.

"முட்டி போடு, மச்சான்" என்றான்.

ரூலோஃப் முட்டி போட்டான்.